கொழும்பில் அம்மாவோடு எங்கே சாப்பிடலாம்?

எல்லாருக்கும் வணக்கம். வியாழன் இரவு ரயிலில் மட்டக்களப்பிலிருந்து அம்மாவைக் கண் கிளினிக்கிற்குக் கூட்டிக்கொண்டு கொழும்பு போகிறேன். நான்கு நாள் வெள்ளவத்தையில் தங்குவோம். வெள்ளிக்கிழமை அம்மா சைவம். கோட்டையில் இறங்கியதும், புறக்கோட்டைப் பக்கம் காலையிலேயே சூடாக இடியப்பமும் சொதியும் கிடைக்கிற சுத்தமான சைவக் கடை இருக்கிறதா?

போன முறை காலி வீதியில் ஒரு கடையில் விலை கேட்காமல் சாப்பிட்டுவிட்டோம். பில்லைப் பார்த்த அம்மா அதற்குப் பிறகு பணிஸும் தேநீருமாகவே நாளைக் கடத்தினார். அவருக்குச் சீனி வருத்தம், அப்படி விடமுடியாது.

மற்ற நாட்களுக்கு மீன் கறியோடு மதியச் சோறு, ஆளுக்கு 700 ரூபாய் வரை பரவாயில்லை. உறைப்பு குறைவென்றால் இன்னும் நல்லது. நீங்களே சாப்பிட்ட கடையாகச் சொல்லுங்கள். அப்புறம், படி ஏறாமல் உட்காரக்கூடிய இடமா என்பதையும் எழுதுங்கள்.