சிந்தியா ராத்ராக்கின் முதல் படம்: கான்டனீஸ் பதிப்பு யாரிடமாவது இருக்கிறதா?

நண்பர்களே, அமெரிக்கச் சண்டைப்பட நடிகை சிந்தியா ராத்ராக்கின் முதல் படமான 'யெஸ், மேடம்' (1985) என்ற ஹாங்காங் படத்தைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இரண்டு உதவிகள் வேண்டும்.

என்னிடம் இருப்பது ஆங்கில டப்பிங் மட்டுமே. அக்கால ஹாங்காங் படங்களில் குரல்களைப் பெரும்பாலும் பிறகுதான் சேர்ப்பார்கள் என்றாலும், ஹாங்காங்கில் பேசப்படும் சீன மொழியான கான்டனீஸ் வசனத்தின் வேகத்தைக் கேட்காமல் அந்த நகைச்சுவைக் காட்சிகளைப் பற்றி எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. கான்டனீஸ் ஒலியும் ஆங்கில சப்டைட்டிலும் உள்ள டிவிடி யாரிடமாவது இருக்கிறதா?

அடுத்தது, வூஷூ அல்லது குங்ஃபூ முறையாகப் பயின்றவர்களுக்கு. ராத்ராக் நடிக்க வருவதற்கு முன்பே அமெரிக்கத் தற்காப்புக்கலைப் போட்டிகளில் வென்ற வீராங்கனை. கொரியாவின் டாங் சூ டோ, சீனாவின் கழுகு நகம், வடக்கு ஷாவோலின் எனப் பல முறைகள் கற்றவர். இந்தப் படத்தில் ஸ்காட்லாந்து யார்டு (லண்டன் காவல்துறை) அதிகாரியாக வருகிறார். ஹாங்காங் இன்ஸ்பெக்டராக மிஷல் யோ. நாயகியாக யோவுக்கும் இதுவே முதல் படம், அவர் பாலே பயின்றவர். இருவரின் உடலசைவும் எவ்வளவு வேறுபட்டவை! இறுதிச் சண்டையில் யோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு தலைகீழாகத் தொங்குவதை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அது நியாயமே. ஆனால் பக்கத்தில் நின்று சண்டையிடும் ராத்ராக்கைப் பற்றி எவரும் விரிவாகப் பேசாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அச்சண்டையில் அவருடைய எந்த அசைவு எந்த முறையைச் சேர்ந்தது என்று பார்த்துச் சொல்வீர்களா? ஓரிரு அசைவுகளை அடையாளம் காட்டினாலும் போதும்.

டிவிடியை இரவல் தருபவர்களுக்குப் போகவர அஞ்சல் செலவை நானே ஏற்கிறேன்.