எடிட்டிங் நடுவே என்விடிஏ வாயடைத்துப்போச்சா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். என்விடிஏ என்பது திரையில் இருப்பதைப் பார்வையற்ற நமக்கு வாசித்துச் சொல்லும் மென்பொருள். நாற்பது நிமிட நேர்காணல் ஒன்றை ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் செயலியில் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ட்ராக்கில் கேள்வி, இன்னொன்றில் பதில். நடுவில் என்விடிஏ பேச்சை நிறுத்திவிட்டது. ஆல்ட்+டேப் அடித்து நோட்பேடுக்குப் போனால் ஒழுங்காக வாசிக்கிறது. ஆடாசிட்டிக்குத் திரும்பினால் கப்சிப். ஸ்பேஸ் தட்டினால் ட்ராக் மட்டும் ஓடுகிறது. ஆடாசிட்டியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், பேச ஆரம்பித்தது. பழுது ஆடாசிட்டியில்தான் என்று தீர்ப்பே எழுதிவிட்டேன். மறுநாள் அதே கதை.

ஒரு ட்ராக்கை மட்டும் தனியாகக் கேட்க, அதாவது சோலோ போட, ஆடாசிட்டியில் ஷிஃப்ட்+எஸ். அதோடு இன்சர்ட்டும் சேர்ந்தால் அது என்விடிஏவின் கட்டளை: அந்தச் செயலிக்குள் மட்டும் தூங்கப்போய்விடும். இன்சர்ட் மேலேயே விரலைப் போட்டு வைப்பது என் பழக்கதோஷம். தூங்கப்போகிறேன் என்று அது சொல்லிவிட்டுத்தான் போயிருக்கும். ட்ராக் சத்தத்தில் என் காதில் விழவில்லை. அதே மூன்று விசைகளை இன்னொரு தடவை அடித்ததும் எழுந்துகொண்டது. லேப்டாப் விசையமைப்பு வைத்திருப்பவர்களுக்கு எஸ்ஸுக்குப் பதில் இசட். முதல்நாள் செயலியை மூடித் திறந்திருந்தாலே சரியாகியிருக்கும். ஒரு மணிநேரம் வீண்.

*

எனக்கு ஷிஃப்ட்கூட வேண்டியிருக்கவில்லை அண்ணா. இன்சர்ட்டுக்குப் பதில் கேப்ஸ்லாக்கை என்விடிஏவுக்குக் கட்டளை தரும் விசையாக வைத்திருக்கிறேன். அதற்கு இரண்டு விசை கீழேதான் கன்ட்ரோல். சேமிக்கப் போய் கேப்ஸ்லாக்+எஸ் அடித்துவிட்டேன். அது பேச்சு முறையை மாற்றும் விசை. பேச்சு போய்விட்டது. பதறி இன்னொரு தடவை அடித்தால் பீப் முறை! பேசவேண்டிய இடத்திலெல்லாம் பீப், பீப். ரெக்கார்டிங்கிலேயே ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்து, இரைச்சலை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டுப் பார்த்தேன். சிரிக்காதீர்கள்.

2024.1 பதிப்பிலிருந்து இதில் இன்னொரு முறையும் சேர்ந்திருக்கிறது. நாம் கேட்டால் மட்டும் பேசும். இன்சர்ட்+T அடித்தால் தலைப்பைச் சொல்லும், அம்புக்குறி விசைக்கு மௌனம். பாதி பேச்சு வருகிறது, பாதி வரவில்லை என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் கேட்பேன்.

*

என் அனுபவம் வேறு மாதிரி. ரீப்பர் என்ற ஒலிப்பதிவுச் செயலியில் வேலை, மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்க வெளியே ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், அதை ரீப்பரோடு நேரடியாகப் பேசவைக்கும் ஏசியோ டிரைவர். ரீப்பர் திறந்த நொடியில் கணினி முழுக்க ஊமை. சில டிரைவர்கள் இன்டர்ஃபேஸை மொத்தமாகப் பிடித்துக்கொள்ளும், விண்டோஸ் ஒலிக்கு இடமே தராது. என்விடிஏவும் அந்த வழியாகத்தானே பேசுகிறது? பார்வையுள்ளவர் என்றால் அமைப்புக்குள் போய் மாற்றிவிடுவார். நமக்கு அமைப்பைப் படிக்கவே அந்தக் குரல்தான் வேண்டும்.

கேபிளைப் பிடுங்கினேன். ஒலி லேப்டாப் ஸ்பீக்கருக்குத் தாவியது, குரல் திரும்பி வந்தது. அன்றைக்கே என்விடிஏவின் ஆடியோ அமைப்பில் வெளியீட்டுச் சாதனமாக லேப்டாப் ஸ்பீக்கரை நிரந்தரமாகப் போட்டுவிட்டேன். ட்ராக் ஹெட்ஃபோனில், என்விடிஏ ஸ்பீக்கரில். இரண்டும் காதில் மோதாமல் இருப்பது கூடுதல் லாபம். மைக் திறந்திருக்கும்போது மட்டும் ஸ்பீக்கரைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் அதன் குரலும் பதிவாகும்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ரீப்பரில் ட்ராக் பகுதி மட்டும் ஊமையாக இருந்தால் அது பேச்சுக் கோளாறே இல்லை. அந்தத் திரையில் என்விடிஏ படிக்க ஒன்றும் இருக்காது. ஓசாரா என்ற நீட்சியைப் போட்டால்தான் பேசும். அதை எழுதத் தொடங்கியவர் என்விடிஏவை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜேம்ஸ் டே.

*

ப்ளூடூத் ஹெட்செட்காரர்களுக்கு: ரெக்கார்ட் அடித்ததும் என்விடிஏ குரல் பழைய டெலிஃபோன் மாதிரி ஆகிறதா? ஹெட்செட்டின் மைக்கைத் திறந்ததால் அது அழைப்பு முறைக்கு மாறிவிட்டது. மைக்காக வேறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான் ஒயர் ஹெட்ஃபோனுக்கே திரும்பிவிட்டேன்.

*

என் பிரச்சினை நேர் எதிர். என்விடிஏ நன்றாகப் பேசியது, ட்ராக்தான் தேய்ந்தது. ஒவ்வொரு தடவை விசையைத் தொடும்போதும் ஒலி இறங்கி ஏறும். பேச்சாளர் மைக்கை விட்டு விலகிவிட்டார் போல என்று அந்தந்த இடத்தையெல்லாம் ஆம்ப்ளிஃபை செய்து சத்தத்தைக் கூட்டினேன். கடைசியில் கேட்டவர், "ஏங்க, நடுநடுவே கத்துறாரு?" என்றார். காரணம் ஆடியோ டக்கிங். தான் பேசும்போது மற்ற ஒலிகளை என்விடிஏ அமுக்கும். இன்சர்ட்+ஷிஃப்ட்+D அடித்து மாற்றலாம். மூன்று நிலை: அமுக்காதே, பேசும்போது அமுக்கு, எப்போதும் அமுக்கு. எடிட் செய்கிறவர்களுக்கு முதலாவது ஒன்றுதான் சரி.

*

தொடங்கியவன்தான் மறுபடி. மேலே டக்கிங் பற்றிப் படித்துவிட்டு இப்போதுதான் அந்த விசையை அடித்துப் பார்த்தேன். என் கணினியில் இத்தனை நாளும் 'எப்போதும் அமுக்கு'. அந்த நேர்காணலை அனுப்பியாயிற்று. மறுபடி முதலிலிருந்து கேட்கப் போகிறேன்.