மே 12, மூன்று தடவைகள்

ஸ்காபரோவிலிருந்து

என்.பி.ஏ. லீக்கில் ஆடும் எங்கள் ரொறன்ரோ ராப்டர்ஸ் கூடைப்பந்து அணியின் முகாமைத்துவத்தின் மேல் எப்போது நம்பிக்கை தளர்ந்தது என்று கேட்டால், எனக்கு அதற்கு ஒரு திகதியே இருக்கிறது. 2024 மே 12, ஞாயிற்றுக்கிழமை, அன்னையர் தினம். அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து, அம்மாவுக்கு வாங்கிய கேக்கை வெட்டுவதற்கு முன்பாக, நானும் அக்காவின் மகனும் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துகொண்டோம். அன்று எங்கள் அணிக்கு ஆட்டம் இல்லை. சிக்காகோவில் டிராஃப்ட் லொத்தர் நடக்க இருந்தது. புதிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் எந்த அணிக்கு எத்தனையாவது இடம் என்பதை அந்தக் குலுக்கல்தான் தீர்மானிக்கும்; அதிகம் தோற்ற அணிக்கு முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பும் அதிகம். அந்தப் பருவம் முழுவதும் பட்ட தோல்விகளுக்கு என்ன கிடைக்கப்போகிறது என்பது அங்கேதான் தெரியவிருந்தது.

அந்தப் பருவத்தில் ராப்டர்ஸ் 25 ஆட்டங்களில் வென்று 57 ஆட்டங்களில் தோற்று, லீக்கின் ஆறாவது மோசமான அணியாக முடித்திருந்தது. அத்தனை தோற்ற பிறகும் அந்த முதற்சுற்றுத் தேர்வு, அதாவது டிராஃப்டின் முதற்சுற்றில் ஒரு வீரரை எடுக்கும் உரிமை, முழுமையாக எங்களுடையதாக இருக்கவில்லை. 2023 பெப்ரவரியில் யாக்கொப் பெர்ட்டில் என்ற வீரரை சான் அன்டோனியோ அணியிலிருந்து கொண்டுவருவதற்காக முகாமைத்துவம் அதைக் கொடுத்திருந்தது. முதல் ஆறு இடங்களுக்குள் வந்தால் மட்டும் நமக்கு, ஏழாவதோ அதற்குக் கீழோ போனால் அவர்களுக்கு என்பதே ஒப்பந்தம். எங்கள் நிலையில் இருந்த அணிக்கு ஆறுக்குள் வரும் வாய்ப்பு 45.8 வீதம். மருமகன் அந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தான்.

அவனுக்கு அப்போது பதின்மூன்று வயது. அதற்கு முந்திய மார்ச்சில் அணி தொடர்ச்சியாகத் தோற்றுக்கொண்டிருந்தது. ஸ்கொட்டி பார்ன்ஸ், பெர்ட்டில் இருவரும் கையில் காயம்பட்டு வெளியே இருந்தார்கள். தோல்விகள் பதினைந்துவரை நீண்டன. அந்த நாட்களில் ஒரு மாலை அவன் என்னிடம், "மாமா, இண்டைக்கு நாங்கள் வெல்ல வேணுமா, தோக்க வேணுமா?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் பதில் சொல்ல வரவில்லை. ஓர் அணியை நேசிக்கும் பிள்ளையை அந்தக் கேள்வி கேட்க வைத்ததைத்தான் நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

லொத்தரில் பதினான்காவது இடத்திலிருந்து ஒவ்வோர் அட்டையாகத் திறந்து வருவார்கள். தோல்வி வரிசைப்படி பத்தாவது அட்டையில் அட்லாண்டா வந்திருக்க வேண்டும், யூட்டா வந்தது. நான் அதை முதலில் கவனிக்கவே இல்லை. மருமகன் விரல்களை மடித்துக் கணக்குப் பார்த்துவிட்டு, "கீழ இருந்து ரெண்டு பேர் மேல போயிட்டினம்" என்று மெதுவாகச் சொன்னான். ஒன்பதாவதில் மெம்பிஸ் வந்தது. எட்டாவது அட்டையோடு எங்கள் தேர்வு சான் அன்டோனியோவுக்குப் போயிற்று. அவன் எழுந்துபோய் அந்தத் தாளைக் கிழிக்காமல் கழற்றி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அக்கா கேக் வெட்டக் கூப்பிட்டார்.

சரியாக ஐந்து வருடங்களுக்கு முன்னர், 2019 மே 12ஆம் திகதியும் அன்னையர் தின ஞாயிறாகவே இருந்தது. பிலடெல்பியாவுக்கு எதிரான தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனர்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்து, 92க்கு 90 என்று நாங்கள் வென்றபோது, இதே அறையில் இதே அம்மா எழுந்து நின்று கைதட்டினார். அந்த லெனர்டைக் கொண்டுவருவதற்காக, முகாமைத்துவத்தின் தலைவராக இருந்த மசாய் உஜிரி 2018இல் எல்லோரும் கொண்டாடிய டிமார் டிரோசனையே கைமாற்றினார். அன்று எனக்கு மனம் உடைந்தாலும், துணிந்து ஒரு முடிவு எடுத்த முகாமைத்துவம் என்ற மரியாதை இருந்தது. டிரோசனோடு சேர்த்து அன்று சான் அன்டோனியோவுக்கு அனுப்பப்பட்டவர் இதே பெர்ட்டில்தான். நாமே கொடுத்தவரை ஏறக்குறைய ஐந்து வருடங்கள் கழித்து ஒரு முதற்சுற்றுத் தேர்வை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். அவர் நல்ல வீரர். அவரில் எந்தப் பிழையும் இல்லை. வாங்கிய நேரத்தில் அணி 26 வெற்றி, 30 தோல்வி என்று நின்றது. அதைப் பலப்படுத்துவதா கலைப்பதா என்று முகாமைத்துவம் அந்த வாரத்தில் தீர்மானித்திருக்க வேண்டும். இரண்டையும் அரைகுறையாகச் செய்தார்கள். பருவம் 41க்கு 41 என்று முடிந்தது; அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெறுவதற்கான பிளே-இன் ஆட்டத்தில் சொந்த அரங்கில், 36 ஃப்ரீ த்ரோக்களில் 18ஐத் தவறவிட்டு, டிரோசன் ஆடிய சிக்காகோவிடம் தோற்றோம்.

அஜாக்ஸிலிருந்து

நான் சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குக் கூடைப்பந்து பழக்குகிறேன். எங்கள் பிள்ளைகளில் பலர் உயரம் குறைந்தவர்கள்; அவர்கள் எல்லோருக்கும் ஃப்ரெட் வான்வ்லீட்டைத்தான் பிடிக்கும். எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத ஒருவர் இங்கே வந்து, உழைத்து, சம்பியன் அணியில் ஆடியதை நான் பயிற்சிக்கு முன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 2023 கோடையில் அவர் ஹூஸ்டனுக்குப் போனார். போனதில் பிழையில்லை, அது அவருடைய தொழில். ஆனால் அவருக்குப் பதிலாக ஒரு வீரரோ, ஒரு தேர்வுரிமையோ எங்களுக்கு வரவில்லை. வீரர்களைக் கைமாற்றக்கூடிய அந்தப் பெப்ரவரியில் அவரை வைத்திருந்தது வெல்வதற்காக என்றால் ஜூலையில் அவரைத் தக்கவைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெப்ரவரியிலேயே கைமாற்றியிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை 23ஆம் இலக்கச் சட்டையோடு வந்த ஒரு சிறுமி, இதை இனிமேல் போடலாமா என்று கேட்டார். போடலாம் அம்மா, அவர் இங்கே வென்றவர் என்று சொன்னேன். அதைவிட எனக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

வின்சரிலிருந்து

நான் ராப்டர்ஸ் ரசிகர் என்றாலும், ஆற்றுக்கு அடியால் சுரங்கப்பாதையைக் கடந்தால் டிட்ராய்ட் என்பதால் ஆட்டம் பார்க்க அங்கேதான் போவேன். 2023 டிசம்பர் 30ஆம் திகதி ராப்டர்ஸ் அங்கே ஆட வந்தது. அன்றுதான் எங்கள் வீரர் ஓஜி அனுனோபியை நியூயோர்க்குக்குக் கைமாற்றிய செய்தி வந்தது. பதிலுக்கு வரவேண்டிய ஆர்.ஜே. பாரெட்டும் இமானுவெல் குயிக்லியும் இன்னும் வந்துசேரவில்லை. டிட்ராய்ட் பிஸ்டன்ஸ் அதுவரை தொடர்ச்சியாக 28 ஆட்டங்களில் தோற்றிருந்தது. ஒரே பருவத்துக்குள் அவ்வளவு தொடர்தோல்வியை லீக்கில் வேறெந்த அணியும் கண்டதில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் வயதான ஒருவர் இருந்தார். 2004இல் லேக்கர்ஸை வென்ற பிஸ்டன்ஸைப் பார்த்தவர். அந்த டிசம்பரில் அரங்கம் முழுவதும் அணியை விற்றுவிடும்படி உரிமையாளரைப் பார்த்துக் கத்தியபோது தானும் சேர்ந்து கத்தியதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் வெட்கப்படவில்லை, ஆனால் குரல் தாழ்ந்துவிட்டது. தோற்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல என்றார். மீள்கட்டுமானம் என்று சொல்லி 20, 23, 17 என்று மூன்று பருவங்களாக வெற்றிகளை எண்ணியாயிற்று, நான்காவது பருவத்தில் முன்னேற்றம் என்று கையில் காட்ட ஒன்றும் இல்லாமல் பொறுமையை மட்டும் கேட்கிறார்கள் என்பதே அவருடைய மனக்குறை. கேட் கன்னிங்ஹாம் 30 புள்ளிகள் எடுக்க, 129க்கு 127 என்று பிஸ்டன்ஸ் வென்றது. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் அணி தோற்றும் அவருக்காக மகிழ்ந்தேன் என்பதை இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். 14க்கு 68 என்று அந்தப் பருவம் முடிந்ததும் டிட்ராய்ட் முகாமையாளரை மாற்றியது. ஆறு வருட ஒப்பந்தத்தில் ஒரேயொரு வருடம் முடிந்திருந்த பயிற்றுநரையும், மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டியிருந்தும், அனுப்பியது. பிழையென்று கண்டதைப் பிழையென்று ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் 44 வெற்றிகள். ரொறன்ரோவிலிருந்து அப்படியொரு வெளிப்படையான ஒப்புதல் வரும் என்றுதான் நான் காத்திருந்தேன்.

மீண்டும் ஸ்காபரோவிலிருந்து

வின்சர் அண்ணா சொன்ன அந்த ஒப்புதல்தான் எனக்கும் வேண்டியிருந்தது. அனுனோபிக்குப் பின் 2024 ஜனவரியில் பஸ்கல் சியாக்கம் இந்தியானாவுக்குப் போனார்; மூன்று முதற்சுற்றுத் தேர்வுகள் வந்தன. முடிவு சரியாக இருக்கலாம். ஒரு வருடம் முந்தி எடுத்திருந்தால் அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளை மார்ச்சில் எந்தப் பக்கம் கத்துவது என்று தெரியாமல் நின்றிருக்க மாட்டான். 2025இல் சியாக்கம் இந்தியானாவை இறுதிச்சுற்றுவரை கொண்டுபோனதை அவன் ஒரு ஆட்டமும் விடாமல் பார்த்தான். அதே ஜூனில் உஜிரியும் விலகினார். 2019க்காக அவருக்கு நான் என்றும் கடன்பட்டவன். பின்னர் வந்த வருடங்களுக்காக என் மனக்குறையும் அப்படியே இருக்கிறது.

2025ஆம் ஆண்டு லொத்தரும் மே 12ஆம் திகதியே வந்தது. திங்கட்கிழமை என்பதால் நான் வேலை முடிந்து வந்து வீட்டில் தனியாக இருந்தேன். முந்திய பருவத்தில் 30 வெற்றிகள், 52 தோல்விகள். ஏழாவது மோசமான அணி. தொடங்குவதற்குச் சற்று முன்னர் மருமகன் தொலைபேசியில் அழைத்து, "மாமா, இந்த முறை எங்கட தானே, ஒருத்தருக்கும் குடுக்கேல்லையே?" என்று கேட்டான். எங்களுடையதுதான் என்று சொன்னேன். இருவரும் தொலைபேசியை வைக்காமல் பார்த்தோம். ஒன்பதாவது அட்டையில் ரொறன்ரோ வந்தது. இரண்டு இடங்கள் கீழே இறங்கியிருந்தோம். சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு, "பரவாயில்லை, எங்கட" என்றான்.