ஸ்வெல்லுக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

அம்மாபேட்டை, சேலம்:

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்காக இந்தியப் பெருங்கடலின் வானிலை, கடல் நிலை பற்றி ஒரு துணைக் கையேடு தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், சூறாவளி, நீரோட்டம் இதெல்லாம் பிரச்சினையே இல்லை, மழைக்காலத்தில் செய்தி கேட்டே பிள்ளைகளுக்குப் பழக்கம். ஸ்வெல் என்ற இடத்தில்தான் நிற்கிறேன்.

அந்த இடத்திலேயே அடிக்கிற காற்று எழுப்புகிற அலையைக் காற்றலை என்று எழுதிவிட்டேன், அதில் யாருக்கும் சண்டை இருக்காது. ஆனால் எங்கேயோ ஒரு புயலில் பிறந்து, அந்தக் காற்றை விட்டுப் பிரிந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சும்மா ஓடிவருகிற அலைக்கு என்ன பெயர்? பேரலை என்று போட்டால் சுனாமி என்று நினைத்துக்கொள்வார்கள். இங்கே பல பிள்ளைகள் கடலையே பார்த்ததில்லை. முதலில் பார்க்கப்போவதும் சுற்றுலா பஸ்ஸில் போய்க் கன்னியாகுமரியில்தான். அதனால் இந்தச் சொல் சரியாக அமைய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

ஏற்காடு:

டீச்சர், கேட்டது நல்ல கேள்வி. வீங்குதிரை என்று வையுங்கள். வீங்குநீர் கலித்தொகையிலேயே வருகிறது. வீங்குதல் என்றால் இன்றைக்கு நோய்தான் நினைவுக்கு வருகிறது என்பார்கள். நிறைதல், மிகுதல், பெருகுதல் என்ற பொருள்களை நாம் கைவிட்டது சொல்லின் குற்றமா? அதைவிட முக்கியம், அலையை விட்டுவிட்டுத் திரையைப் பிடியுங்கள். அலைதல் என்பது நிலையில்லாமல் அங்குமிங்கும் திரிவது, நீங்கள் சொல்கிற அலையோ ஒரே திசையில் ஒழுங்காக உருண்டு வருவது. திரைதல் என்றால் சுருண்டு மடிதல். தோல் சுருங்கினால் திரை, நரை திரை மூப்பு என்கிறோமே அந்தத் திரை. பால் கெட்டுக் கட்டி கட்டியாவதும் திரைதல்தான், நம் பக்கம் திரிஞ்சு போச்சு என்கிறார்கள். திரள், திரி, திருகு, திரும்பு எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் துணிபு. அங்கிருந்து திருகை, திரிகை, எந்திரம் என்று போனால்

(நீளமாகிறது, மீதியை இரவு எழுதுகிறேன்.)

சூரமங்கலம்:

ஐயா, எந்திரம் வடசொல் என்று இந்தக் குழுவில் ஏற்கனவே அடித்துக்கொண்டாகிவிட்டது, மறுபடி வேண்டாமே. திரை என்றால் என் பிள்ளைக்கு சினிமா தியேட்டர்தான்.

எனக்குப் பிறந்த ஊர் குளச்சல், வேலைக்காகச் சேலத்துக்காரன் ஆனவன். நீங்கள் தேடுகிற பொருளுக்குக் கடற்கரையில் சொல் இருக்கிறது. கள்ளக்கடல். வானம் வெளுத்துக் கிடக்கும், காற்று இருக்காது, கட்டுமரம் கரையில் இருக்கும், திடீரென்று கடல் ஏறி வந்து வீட்டு வாசலை நனைக்கும். கள்ளன் மாதிரி சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். கேரளக் கரையிலும் இதே சொல்தான், 2012-இல் யுனெஸ்கோவே அதை அறிவியல் வழக்குக்கு ஏற்றுக்கொண்டது. ஐதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையிலும் அந்தப் பெயர்தான் வருகிறது. மீனவர் வாயில் கொண்டல், கச்சான், சோழகம், வாடை என்று ஒவ்வொரு காற்றுக்கும் பெயர் இருக்க, நாம் மலையடிவாரத்தில் உட்கார்ந்து புதுசாக எதற்குச் செதுக்க வேண்டும்?

மேட்டூர்:

கள்ளக்கடலை நானும் விடமாட்டேன், ஆனால் அது நிகழ்வின் பெயர், அலையின் பெயர் இல்லை. கரையில் தண்ணீர் ஏறுவது கள்ளக்கடல். அதைக் கொண்டுவந்த அலை நடுக்கடலில் ஐந்து நாளாக ஓடிக்கொண்டிருக்கும், கரையை ஏறாமலேயே போகிற நாட்களும் நிறைய. டீச்சருக்கு இரண்டும் தனித்தனியாக வேண்டும்.

கணக்கைப் பாருங்கள், பெயர் அதிலிருந்தே வரும். ஆழ்கடலில் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 8 விநாடி இடைவெளி என்றால் அலைநீளம் சுமார் 100 மீட்டர். 18 விநாடி என்றால் 500 மீட்டர். அந்த 18 விநாடி அலைக்கூட்டம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், ஒரு நாளைக்கு 1200 கிலோமீட்டர். தெற்கே 45 பாகை அட்சரேகையில், ஆண்டு முழுக்கப் புயல் ஓயாத தென்கடலில் புறப்பட்டால் குமரிக்குச் சுமார் 6000 கிலோமீட்டர். அதுதான் நான் சொன்ன ஐந்து நாள். வழியில் மறிக்கப் பெரிய நிலம் கிடையாது. இந்தியப் பெருங்கடலுக்கு வடக்கே ஆசியா மூடிக்கொண்டிருப்பதால் நமக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் தெற்கிலிருந்துதான். நீண்ட அலை வேகமாக ஓடும் என்பதால் அதுதான் முதலில் கரைக்கு வரும், குட்டை அலைகள் பின்தங்கும். ஏப்ரல், மே மாதங்களில் உள்ளூர்க் காற்று குறைவு, அதனால் அப்போது இது தனியாகத் தெரியும். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் இரண்டும் கலந்துவிடும்.

நம் அணையில் காற்றடித்தாலும் அலை எழும்பிப் பரிசலை ஆட்டும். ஆனால் காற்றுக்கு ஓட இடம் சில கிலோமீட்டர்தான், அதனால் இரண்டு மூன்று விநாடி அலைக்கு மேல் வளராது, காற்று நின்ற கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். அதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். கடலில் உள்ளது அடங்காத அலை, காற்று நின்ற பிறகும் ஓடுகிற அலை. என் முன்மொழிவு தொலையலை.

(இன்னொன்று. உங்கள் வரைவில் ‘குறிப்பிடத்தக்க அலை உயரம்’ என்று இருக்கிறது. அது யாருக்கும் எதையும் குறிப்பிடவில்லை. அளந்த அலைகளில் உயரமான மூன்றிலொரு பங்கின் சராசரிதான் அது, அப்படியே விரித்து எழுதிவிடுங்கள். தனி அலை அதைப்போல் இரண்டு மடங்குகூட எழும்பும் என்பதையும் சேருங்கள், ஆபத்து அதில்தான் இருக்கிறது.)

ஆத்தூர்:

ஓங்கலை என்று வைக்கலாமே? ஓங்கு + அலை. உயர்வு தெரிகிறது, கேட்கவும் நன்றாக இருக்கிறது.

ஏற்காடு:

ஓங்கல் என்றால் மலை, தம்பி. ஓங்கலை என்று எழுதினால் ‘மலையை’ என்று வேற்றுமை விரியும். சேர்வராயன் மலையில் உட்கார்ந்துகொண்டு அதை நான் ஏற்க முடியாது. போதாக்குறைக்கு ஓங்கல் என்று ஒரு கடல் விலங்கையும் சொல்வதுண்டு, டால்பினை.

தொலையலையிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தொலை என்ற வினைக்கு அழி, ஒழி என்று பொருள். தொலைந்து போன அலையா இது? தொலைபேசி, தொலைக்காட்சி வந்த பிறகு எதற்கெடுத்தாலும் ஒரு தொலை ஒட்டுகிறோம். வீங்குதிரை பிடிக்காவிட்டால் நெடுந்திரை. மேட்டூர்க்காரர் சொன்ன 500 மீட்டர் நீளம் அதில் அப்படியே இருக்கிறது. திரை பிள்ளைகளுக்குத் தெரியாது என்ற வாதமும் நிற்காது. திரைகடல் ஓடியும் திரவியம் தேடு என்று படிக்காத பிள்ளை உண்டா? மலையாளத்தில் இன்றைக்கும் திர என்றால் அலைதான், கள்ளக்கடலை அங்கிருந்து ஏற்கிறவர்கள் அதையும் ஏற்கலாமே.

அம்மாபேட்டை:

ஐயா, நெடுந்திரை அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. நேற்று வகுப்பில் மூன்றையும் கரும்பலகையில் எழுதி, விளக்கம் எதுவும் சொல்லாமல் என்ன புரிகிறது என்று கேட்டேன். வீங்குதிரையைப் படிக்கவே தயங்கினார்கள். நெடுந்திரையை நீளமான திரைச்சீலை என்றாள் ஒரு பெண். தொலையலைக்குத் ‘தூரத்திலிருந்து வர்ற அலைங்க மிஸ்’ என்று பின்பெஞ்சிலிருந்து பதில் வந்தது.

பொருள் அளவிலும் எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. நீளம், உயரம், பெருக்கம் எதைச் சொன்னாலும் அலை எப்படி இருக்கும் என்பதுதான் தெரியும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் பிள்ளைக்குத் தெரிய வேண்டியது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போய் அவர்கள் இறந்தார்கள். முந்தைய நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருந்தது. அப்புறம் செய்திகளில் கடல் சீற்றம், ராட்சத அலை என்றுதான் எழுதினார்கள். சீற்றம் என்று கேட்டவர் கருமேகத்தையும் காற்றையும் தேடுவார், இரண்டும் இல்லை என்றால் தைரியமாக இறங்குவார். இங்கே காற்று இல்லாவிட்டாலும் வேறு எங்கோ அடித்த காற்றின் அலை உன் காலடிக்கு வரும் என்று அந்தப் பெயரே சொல்லிவிட வேண்டும். மலையூர்ப் பிள்ளைக்கு அதைச் சொல்லித்தரக் கடற்கரையில் பாட்டனோ மாமனோ இல்லை, புத்தகம்தான் இருக்கிறது.

அதனால் அலைக்குத் தொலையலை, அது கரையேறினால் கள்ளக்கடல். முதல் பக்கத்தில் ‘ஸ்வெல் எனப்படும் தொலையலை’ என்று ஒரு முறை, பிறகு தமிழ் மட்டும்.

சூரமங்கலம்:

கள்ளக்கடல் உள்ளே இருக்கிறது, எனக்கு அது போதும். சரி.

ஆத்தூர்:

சரி. தொலையலை.

ஏற்காடு:

பெரும்பான்மை அப்படி என்றால் அச்சுக்கு அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை உங்களுக்குத்தான் நெருக்கடி. ஆனால் சொற்பட்டியலில் நெடுந்திரையை மாற்றுச் சொல்லாக அடைப்புக்குறியிலாவது போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், என் மாறுபாடு அப்படியே நிற்கிறது. தவிர, விநாடிக் கணக்கு வரும் இடத்தில் அலைவு நேரம் என்று ஒரு பக்கமும் அலைவுக்காலம் என்று இன்னொரு பக்கமும் எழுதியிருக்கிறீர்கள். காலம் வேறு, நேரம் வேறு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.