புதுப்பிப்பு: கராத்தேயின் ஓய்-ஸுகி குத்தில் பலம் வராத பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: ஷோட்டோகான் பாணிக் கராத்தேயின் அடிப்படைப் பயிற்சியில் ஓய்-ஸுகி (ஓரடி முன்வைத்துக் குத்துவது) குத்தும்போது வேகம் இருக்கிறது, பலம் இல்லை. தோளும் மேலே ஏறிவிடுகிறது.

பலித்தது, "குத்தும் கையை விட்டுவிட்டு, பின்னால் இழுக்கும் கையைக் கவனியுங்கள்" என்ற யோசனை. அதாவது ஹிகிதே. இரண்டு கைகளும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாக நிற்க வேண்டும். குத்தும் முஷ்டி கடைசியில்தான் திரும்ப வேண்டும். ரொம்ப மெதுவாகச் செய்யத் தொடங்கியதும் தோள் தானாக இறங்கியது. அப்புறம் ஸென்குட்ஸு-தாச்சியில் (முன்காலை மடக்கி நிற்கும் நீண்ட நிலை) முன்காலில் சுமார் 60 சதவீத எடை, பின்குதிகால் தரையை விட்டு எழாமல், பின்முழங்கால் நீட்டி. உண்மையான பலம் இங்கேதான் வந்தது.

கண்ணாடி முன் பயிற்சி எனக்குச் சரிப்படவில்லை. பார்வை அங்கேயே போய்விடுகிறது. பக்கவாட்டில் செல்போனை வைத்துப் பதிவு செய்தது எவ்வளவோ மேல். அடியெடுத்து வைக்கும்போது தலை எழும்பித் தாழ்வது அதில்தான் தெரிந்தது.

எதிர்பாராத ஒன்று: கெடான்-பராய் (கையைக் கீழ்நோக்கி வீசும்) தடுப்பும் கூடவே சீரானது, அதிலும் அதே ஹிகிதேதானே. ஹெயான் ஷோடான் என்ற கட்டாவில் (வரிசையாகச் செய்யும் அசைவுத் தொடர்) திரும்பும் இடங்களில் தள்ளாட்டம் குறைந்திருக்கிறது. இடது பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் பின்தங்கியே இருக்கிறது.