பழைய ஜன்னல் கம்பிகளுக்கு மறுபடி பெயின்ட் அடிக்க யோசனை சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கமுங்க. காங்கேயம் பக்கத்தில் எங்கள் அப்பிச்சி கட்டிய ஓட்டு வீடு இருக்கிறது. ஆசாரத்தில் (கூடத்தில்) நான்கு பெரிய ஜன்னல்கள், எல்லாம் உருட்டுக் கம்பி. ஒவ்வொரு பொங்கலுக்கும் பழைய பெயின்ட்டின் மேலேயே அடித்து அடித்து, இப்போது பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அடியில் துரு. ஆனால் கம்பி இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது. அம்மாயி அந்தக் கம்பியைப் பிடித்தபடி நின்றுதான் எங்களைச் சாப்பிடக் கூப்பிடுவார். மாற்ற மனசு வரவில்லை.

பெயின்டர், மெஷின் வைத்துத் தேய்த்துவிட்டு ரெட் ஆக்சைடு பிரைமர், அதன் மேல் எனாமல் அடிக்கலாம் என்கிறார். எனக்குப் பயம் அந்தத் தூசிதான். வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) அளவைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அப்படியென்றால் எங்கள் வீட்டின் அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். தங்கச்சி மகனுக்கு ஒன்றரை வயது, கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகிறது. நெருப்புக் காட்டி உரிப்பதும் ஆகாது, ஈயப் புகை அதைவிட மோசம்.

அதனால் தண்ணீர் தெளித்து ஈரமாகவே சுரண்டலாமா, பெயின்ட் ரிமூவர் தடவலாமா என்று யோசிக்கிறேன். கம்பியைக் கழற்ற முடியாது, மரச் சட்டத்தோடு இறுகியிருக்கிறது. ரிமூவர் பட்டால் மரம் கெடுமா? ஈரோடு, திருப்பூர் பக்கம் பெயின்ட்டில் ஈயம் பரிசோதித்துத் தருபவர்கள் இருக்கிறார்களா? இப்படி வேலை செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பிரைமராவது அடித்துவிட வேண்டும்.