புதுப்பிப்பு: சாப்பாட்டுப் பயத்துக்கு உதவி கிடைத்தது

சாப்பிட்டாலே குற்ற உணர்வு, பல்கலைக்கழகத்தில் யாரிடம் போவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மாணவர் ஆலோசகரிடம் போனேன். எடை 'சரியாக' இருக்கிறதே, திருப்பி அனுப்பிவிடுவாரோ என்ற பயம். அவர் எடையைக் கேட்கவே இல்லை. உண்ணுதல் கோளாறு எந்த உடல்வாகிலும் வரும் என்றார். மருத்துவரிடம் அவரே அனுப்பினார். ரத்தத்தில் பொட்டாசியம், இசிஜி இரண்டும் பார்த்தார்கள். பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறுமாம். இப்போது சிபிடி என்கிற பேச்சு சிகிச்சை, கூடவே உணவியல் நிபுணர். கலோரி எண்ணும் செயலியை அழிக்கச் சொன்னதுதான் கசந்தது (அழித்துவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே).

தேர்வு அவகாசத்துக்கு மருத்துவர் கடிதமே போதுமாக இருந்தது. துறையில் யாரும் விவரம் கேட்கவில்லை. அறைத்தோழிக்கு மட்டும் தெரியும். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள்.